செவிலியர் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பிரசவ அறைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிகள் எனிமா (பிரசவத்துக்கு முன் மலக்குடலைக் கழுவுவது) தட்டு அடுக்குவதில் கெட்டிக்காரர்கள். ரப்பர் குழாய், வாசலின், பெட்பேன் எதுவும் விடுபடாது. எதற்கு என்று கேட்டால் மட்டும், "புரொசீஜர் அப்படித்தான் சிஸ்டர்" என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பாடம் அப்படி.

எனிமாவும், பிறப்புறுப்பு முடியை மழிக்கும் சவரமும் தொற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவை. சோதித்துப் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. இரண்டையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. (முடி திரும்ப முளைக்கும்போது அந்தப் பெண் படும் எரிச்சலைப் பற்றி எந்தப் பாடத்திலும் ஒரு வரி கிடையாது.) குழந்தை வெளிவரும்போது பிறப்புறுப்பு வாயிலில் போடும் வெட்டான எபிசியோட்டமியும் இதே கதைதான். பெரிய கிழிசலைத் தடுக்கும் என்று எல்லோருக்கும் போட்டார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் போட்டபோதுதான் கடுமையான கிழிசல் குறைந்தது.

எனக்குப் பெரிய கவலை அந்த மணிக்கு 1 செ.மீ. கணக்கு. கர்ப்பப்பை வாய் அந்த வேகத்தில் விரியாவிட்டால் ஏதோ கோளாறு என்று மாணவி பதறுகிறாள். தாயும் நன்றாக இருக்கிறாள், குழந்தையின் இதயத்துடிப்பும் சரியாக இருக்கிறது, ஆனாலும், "வலியை வேகப்படுத்த டிரிப் போடச் சொல்லலாமா?" என்று வந்து நிற்கிறாள். சில பெண்களுக்கு அந்த வேகம் எட்டாத வேகம் என்று அதே 2018 வழிகாட்டி சொல்கிறது. 5 செ.மீ. வரை விரிவது மெதுவாகவே நடக்கலாம். அதுவரை எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், அவளுக்கு வேண்டியவர் ஒருவர் கூடவே இருக்கலாம். இதற்கெல்லாம் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் எங்கே?

பழசெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. 1840களில் வியன்னா மருத்துவமனையில் பேறுகாலத் தாதியர் பார்த்த வார்டைவிட, மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டில்தான் காய்ச்சலில் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று 1847இல் அங்கே வேலை பார்த்த மருத்துவர் செம்மெல்வைஸ் கண்டுபிடித்தார். கைகழுவுதல் அங்கிருந்து வந்தது, இன்றும் நிலைத்து நிற்கிறது. எனிமாவுக்குச் சொன்ன காரணம் நிலைக்கவில்லை. இந்த வித்தியாசம் மாணவிக்குத் தெரிய வேண்டாமா?

ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு புரொசீஜருக்கும் கீழே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: எதற்காக வந்தது, இன்று அந்தக் காரணம் செல்லுமா. அப்புறம், இன்றும் லேபர் வார்டில் வேலை பார்க்கும் ஒரு செவிலியரையாவது குழுவில் சேருங்கள். கூட்டத் தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டியூட்டி மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
லேபர் வார்டு செவிலியர் ஒருவர்