வழக்கை வாபஸ் வாங்குபவர் நஷ்டத்தைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்: சட்டத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம், விளவங்கோடு தாலுகாவிலிருந்து எழுதுகிறேன். இடைக்காலத் தடை வாங்கி எங்கள் வீட்டு வேலையை நிறுத்தி வைத்திருந்த பக்கத்து நிலத்துக்காரர், சாட்சி விசாரணை தொடங்க வேண்டிய வாய்தாவில் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். அவருடைய வக்கீல் ஒரு மெமோ கொடுத்தார். வழக்கு தள்ளுபடியானது, தடையும் போனது, செலவுத்தொகை கிடையாது. இப்போது அதே நபர், எங்களுக்குக் கீழ்ப்புறம் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் குடும்பத்துக்கு, அதே முடுக்கை, அதாவது ஒடுங்கிய நடைவழியை, காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அந்த நோட்டீஸைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

வழக்கின் விவரங்களைச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. 2011 கணக்கெடுப்பில் சென்னைக்கு அடுத்தபடியாக ஜன நெருக்கம் மிகுந்த மாவட்டமாக இருந்தது எங்களுடையது. ஐந்து சென்ட், பத்து சென்ட்டுக்குள்தான் எங்கள் வாழ்க்கை. முடுக்கு, கிணறு, எல்லைக்கல் என்று வழக்குகள் வருவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். உண்மையான உரிமைக்காக நீதிமன்றம் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. என் பேச்சு, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே வழக்குப் போட்டு, எதிராளி களைத்த பிறகு எழுந்து போகிறவர்களைப் பற்றி.

தடை வந்த அன்று எங்கள் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றது. வங்கிக் கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும், உங்களுக்குத் தெரியும். வேலை நின்றதும் அடுத்த தவணையை வங்கி நிறுத்திவிட்டது. ஆனால் அதுவரை கொடுத்த பணத்துக்கு வட்டி நிற்கவில்லை. என் கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பும் சம்பளத்தில் பாதி அந்த வட்டிக்கும், மீதியில் பெரும்பகுதி நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கும் போனது. இது ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை பெய்கிற ஊர். கூரையில்லாத சுவர்கள் அத்தனை மழையையும் வாங்கின. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருவேறி உரிந்தன. கொத்தனார் வந்து பார்த்து, கம்பியைத் தட்டினார். கையோடு துருச் செதில் வந்தது. "இதுக்கு மேல காங்கிரீட் போட முடியாதுக்கா, தூணை உடைச்சுக் கட்டணும்" என்றார். தடை போய்விட்டது, ஆனால் மறுபடி கட்டத் தொடங்க எங்களிடம் பணம் இல்லை. வழக்கு வாபஸானதும் உறவினர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "முடிஞ்சுதே, அதுவே பெருசு, இனி கிளறாத."

நான் கிளற விரும்புகிறேன், ஐயா. எனக்கு நடந்தது நஷ்டம், அதற்கு ஒருவர் பொறுப்பு.

சரி, சட்டம் என்ன தருகிறது என்று வக்கீலிடம் கேட்டேன். உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு, பொய்யான, தொல்லை தரும் வழக்குகளுக்கு இழப்பீட்டுச் செலவு விதிக்க வழி செய்கிறது. வாபஸ் வாங்கிய வழக்கும் அதில் அடங்கும். ஆனால் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976 திருத்தத்தில் வைத்த தொகை இது. உடைத்துக் கட்ட வேண்டிய ஒரு தூணின் கம்பிக்குக் காணாது. தவறாக வாங்கிய தடைக்கு அதே சட்டத்தின் 95-வது பிரிவில் மனுப் போட்டு 50,000 ரூபாய் வரை கேட்கலாமாம். ஆனால் அந்த மனுவில் உத்தரவு வந்துவிட்டால், அந்தத் தடைக்காகத் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது.

அப்புறம் இருப்பது, கெட்ட எண்ணத்தோடு வழக்குத் தொடுத்ததற்கான நஷ்டஈட்டு வழக்கு. வக்கீல்கள் மலிஷியஸ் பிராசிக்யூஷன் என்கிறார்களே, அது. முதல் வழக்கு என் பக்கம் முடிந்தது, அதற்கு நியாயமான காரணம் எதுவும் இருக்கவில்லை, உள்நோக்கம் இருந்தது, எனக்குச் சேதம் வந்தது என்று எல்லாவற்றையும் நான்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள் தாக்கல் செய்து. சாட்சிக் கூண்டேறாமலே போனவரின் உள்நோக்கத்தை நான் எங்கே போய் எடுப்பது? அதுவும் இந்த வகை வழக்கு பெரும்பாலும் பொய்யான குற்ற வழக்குக்குத்தான் நிற்கும். உரிமையியல் வழக்கென்றால் நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும். அதற்குச் சொல்லப்படும் பழைய காரணம், தோற்றவர் கொடுக்கும் செலவுத்தொகையே எதிராளிக்குப் போதும் என்பது. ஒரு கையால் செலவுத்தொகை போதும் என்று கதவைச் சாத்திவிட்டு, மறு கையால் அதை 3,000 ரூபாய்க்குள் கட்டி வைத்திருக்கிறது சட்டம். இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமே 2016-ல், விசாரணைக்குச் சற்று முன் கைவிடப்பட்ட ஒரு உரிமையியல் வழக்கில், இப்படி நஷ்டஈடு கேட்கலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே கேட்கிறேன்: 35ஏ-வின் 3,000 ரூபாய் உச்சவரம்பைத் தமிழ்நாட்டுக்கு நீக்குங்கள். உரிமையியல் நடைமுறை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த குறையும் இல்லை. 2010-லேயே உச்ச நீதிமன்றம், பணவீக்கத்தால் இந்தப் பிரிவு பயனற்றுப் போய்விட்டது என்றது. மறு ஆண்டு, வரம்பை ஒரு இலட்சமாவது ஆக்கலாம் என்று யோசனையும் சொன்னது. 2012-ல் சட்ட ஆணையம் தன் 240-வது அறிக்கையை வழக்குச் செலவுகளுக்காகவே எழுதியது. வணிக வழக்குகளுக்கு 2015 சட்டம் இந்த வரம்பை எடுத்துவிட்டது. கம்பெனிகளுக்குள் சண்டை என்றால் வரம்பில்லை, வீடு கட்டுகிற குடும்பத்துக்கு மட்டும் 3,000 ரூபாய். இது எந்த வகையில் நியாயம்?

பொய்க் குற்ற வழக்கில் சிக்கியவர்களின் கதை இதைவிடக் கொடுமை. அவர்களுக்கு இழப்பீடு தர மாவட்டந்தோறும் சிறப்பு நீதிமன்றம் வேண்டும் என்று 2018-ல் சட்ட ஆணையம் 277-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. நாகர்கோவிலில் அப்படி ஒன்று வந்ததா? அறிக்கைகள் எங்களைப் போன்றவர்களுக்காக எழுதப்படுகின்றன, எங்களிடம் வந்து சேர்வதில்லை. வேதனையில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

இன்னொரு சிறு கோரிக்கை. இது முழுக்க மாநில அரசின் கையில் இருக்கிறது. பண வழக்குகளின் நீதிமன்றக் கட்டணத்தை 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள், அதற்கு நன்றி. ஆனாலும் ஆறு இலட்சம் நஷ்டம் கேட்க நான் முதலில் 18,000 ரூபாய் கட்ட வேண்டும். 35ஏ-வில் எனக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகையைப்போல் அது ஆறு மடங்கு. வாபஸான வழக்கின் நஷ்டத்தைக் கேட்டு வருபவரிடம் தொடக்கத்திலேயே கட்டணம் வாங்காமல், தீர்ப்புக்குப் பின் தோற்றவரிடம் வசூலிக்கலாம்.

வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே 35ஏ திருத்த மசோதாவைக் கொண்டுவர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வழக்குக் கட்டின் நகல்கள், வங்கிக் கணக்கு விவரம், தூண்களின் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. உங்கள் அலுவலகம் கேட்டால் உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
விளவங்கோடு தாலுகாவிலிருந்து ஒரு பிரதிவாதி