கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பாக்குவெட்டி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கைக்கருவிகளைச் சேகரித்துக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் பள்ளிகளிலும் ஓட்டல்களிலும் பெருகி வருகிறது. சந்தோஷம். அவற்றின் கீழே ஒட்டும் சீட்டையும் கொஞ்சம் விசாரித்து எழுதினால் தேவலை. அண்மையில் எங்கள் பக்கம் நடந்த கண்காட்சி ஒன்றில், ஒரு முனையில் கயிற்றால் பிணைத்த இரண்டு கட்டைகளுக்கு ‘பெரிய பாக்குவெட்டி’ என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த தடிக்கு ‘பயன்பாடு தெரியவில்லை’.

நான் பனையேறி மகன். பிழைப்புக்கு லேத் பட்டறையில் நின்றவன். எந்தக் கருவியைக் கண்டாலும் தேய்மானத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தக் கட்டைகளின் உட்பக்கம் இரண்டும் எண்ணெய் தடவியதுபோல வழுவழுவென்று இருந்தன. வெட்டுத் தடமோ பள்ளமோ கிடையாது. வெட்டுகிற அலகே இல்லை. பாக்கு மாதிரி கெட்டியான எதுவும் அதற்குள் போனதில்லை. மெதுவான ஒன்றைத்தான் வருஷக்கணக்கில் இடுக்கியிருக்கிறது.

அது கடிப்பு. பனம்பாளையை இடுக்கிக் கசக்குவது. பாளையைச் சும்மா வெட்டிவிட்டால் பதநீர் ஊறிவிடாது. சில நாள் கடிப்பால் பதமாக நசுக்கி, நுனியை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வரவேண்டும். கை கொஞ்சம் கூடினால் பாளை பட்டுப்போகும், குறைந்தால் சுரக்காது. ஆண்பனையில் விரல் விரலாக நிற்கும் பாளைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைக்கு வேறு. சீவுவதற்குத் தனியாகப் பாளை அரிவாள் உண்டு. கதிர் அறுக்கிற கருக்கரிவாள்போல அதற்குப் பல் இருக்காது. எங்கள் அப்பா அதைத் தேங்காய் நார் வெட்டக்கூடத் தரமாட்டார். அம்மா கேட்டாலும் அதே பதில்தான். மட்டை கழிக்க வேறு அரிவாள். எல்லாம் இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டிக்குள் போய்விடும். கலயத்தின் உள்ளே தடவச் சுண்ணாம்பும் கூடவே போகும். அது தடவாவிட்டால் இறங்குவது கள்.

‘பயன்பாடு தெரியாத’ அந்தத் தடி முருக்குத்தடி. மரத்தடியில் சாய்த்து வைத்து, அதில் மிதித்து முதல் ஏற்றம் ஏறுவார்கள்.

இவையெல்லாம் புதிராவதற்குக் காரணம், பழைய சாமான் வாங்குகிறவர்கள் செட்டைப் பிரித்துவிடுவதுதான். அருவாப்பெட்டி ஒருவர் வீட்டு வரவேற்பறைக்கு, கடிப்பு இன்னொரு ஊர்க் கண்காட்சிக்கு, தடி விறகுக்கு. பெட்டியோடு சேர்ந்து கிடந்தால் சின்னப் பிள்ளைகூட இது பனைச் சாமான் என்று சொல்லிவிடும். கடிப்பை மட்டும் தனியாகக் கையில் கொடுத்தால் பேராசிரியரே திணறுவார். எனவே சேகரிப்பவர்கள் ஒரு பொருளை வாங்கும்போது, கூட என்னென்ன கிடந்தன, வீட்டுக்காரர் என்ன தொழில் செய்தார், எந்த ஊர் என்பதையாவது குறித்துக்கொள்ள வேண்டும். கழுவி வார்னிஷ் அடிக்கும் வேலை பிறகு இருக்கட்டும். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பும் பிடியில் ஏறிய கறுப்பும்தான் சாட்சி. வார்னிஷ் அடித்தால் அதுவும் போச்சு.

பனை 1978 முதல் நம் மாநில மரம். விழாக்களில் விதை நடுகிறோம், சரி. ஏறியவர்களின் சாமான்களுக்குச் சரியான பெயர் எழுதுவதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. வயதான பனையேறி ஒருவரைக் கூப்பிட்டு, கருவியை அவர் கையில் கொடுத்து, பிடித்துக் காட்டச் சொல்லி செல்போனில் எடுத்துக்கொண்டால் போதும். வாயால் கேட்டால் ‘பாளை இடுக்குறது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கையில் வந்துவிட்டால் எந்தப் பக்கம் மேலே, எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது எல்லாம் தானாக வரும்.

உடன்குடிப் பக்கம் இன்னும் பதநீர் இறக்குகிறார்கள். கண்காட்சி நடத்துகிறவர்கள் பங்குனி, சித்திரையில் வரலாம். விடிவதற்குள் வந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் ஆள் இருக்காது.

– ஒரு வாசகர், உடன்குடி