ஷாக் குடுத்தா மட்டும் முடிஞ்சிடாது

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தோட மேல் அறைங்க தாறுமாறா துடிக்கிற கோளாறு பத்தி உங்க பேப்பர்ல வந்தத படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நெஞ்சுல கரண்ட் ஷாக் குடுத்து துடிப்ப சரி பண்ணிடலாம்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. துடிப்பு தாறுமாறாகி 48 மணி நேரத்துக்கு மேல ஆயிருந்தா (உயிர் போற அவசரம்னா அது வேற கதை) முதல்ல 3 வாரமாவது ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும், இல்லன்னா தொண்டை வழியா எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து இதயத்துக்குள்ள ரத்தக்கட்டி இல்லன்னு பாத்துக்கணும், ஏன்னா துடிப்பு சீரானதும் உள்ள தேங்கி உறைஞ்சது கெளம்பி மூளைக்கு போனா ஸ்ட்ரோக்தான். ஷாக்குக்கு அப்புறமும் 4 வாரமாவது மாத்திரைய விடக்கூடாது, பலருக்கு ஆயுசுக்கும் வேணும். எங்க அப்பா "இசிஜி நார்மல்னு வந்துடுச்சே, இன்னும் எதுக்குடா இது"ன்னு மாத்திரை அட்டைய தள்ளி வைப்பாரு, இப்படி நெனைக்கிறவங்க நிறைய பேரு. அப்புறம் அமியோடரோன்னு ஒரு மருந்து, துடிப்ப நல்லா புடிச்சு வைக்கும், ஆனா தைராய்டு, ஈரல், நுரையீரல் மூணையும் பதம் பாத்துடலாம், அப்பப்போ டெஸ்ட் எடுக்கணும். நுரையீரல்ல இருந்து இதயத்துக்கு ரத்தம் வர்ற குழாய் வாய சுத்தி சூடு வச்சு பண்ற அப்லேஷன் பத்தியும் விவரமா போடுங்க, ஸ்லீப் அப்னியாவையும் (தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நின்னு போறது) விட்டுடாதீங்க, அத கவனிக்கலன்னா அப்லேஷன் பண்ணாலும் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்