குடை மறைத்த பெயர்ப்பலகை

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. நான் வரைந்து அனுப்பிய அஞ்சலட்டையைப் பார்த்துவிட்டு, அந்தக் கலங்கரை விளக்கத்தில் சிவப்புப் பட்டைகளே கிடையாது என்றும், நாம் அங்கே நின்றபோது நிலவு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருக்கிறாய். அன்றே பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். நீ சொல்வதுதான் சரி. கோபுரம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது, நம் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும் உச்சிவெயில் வேறு. இருந்தும் அட்டையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அதற்கான காரணத்தை விளக்கப் போய், கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்.

நம் பயணப் படங்களைப் பழைய பாணி போஸ்டர்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் மாற்றலாம் என்று தொடங்கியபோது, நானும் எல்லோரையும் போலப் புகைப்படத்தைக் கணினியில் ஏற்றி, ஓவியம் போலக் காட்டும் வடிகட்டி ஒன்றைத்தான் ஓட்டினேன். வந்த படத்தில் எல்லாமே வண்ணத் திட்டுகளாக மாறியிருந்தன. ஆனால் எதுவுமே விலகியிருக்கவில்லை. மின்கம்பிகள், நம் பயணப்பைகள், ஓரத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை என அத்தனையும் அழகாக வண்ணம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதன்பிறகு புகைப்படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஓர் இடத்தைப் பற்றி மனத்தில் தங்கியிருப்பதை ஒரே வரியில் எழுதிக்கொண்டு, அந்த வரியில் இருப்பதை மட்டும் வரையப் பழகினேன். நாம் இரவெல்லாம் வண்டிக்குக் காத்திருந்த அந்த மலை ரயில் நிலையத்துக்கு நான் எழுதிய வரி இது: மழை, ஒரே ஒரு விளக்கு, வளைந்து மறையும் தண்டவாளம், ஒரு குடையில் இருவர்.

வரியைக் குறைத்ததும் பாணி தானாகவே வந்துவிட்டது என்பதுதான் எனக்கு வியப்பு. பிறகு யோசித்தால் அதில் வியப்பில்லை. பழைய பயணப் போஸ்டர்கள் பல கல்லச்சில் உருவானவை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒரே தாளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின்மேல் அழுத்தி எடுக்க வேண்டும். ஒரு வண்ணம் கூடினால் ஒரு கல்லும் ஒரு சுற்று வேலையும் கூடும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக 1938 முதல் 1941 வரை அரசு வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் உருவான போஸ்டர்கள் ஸ்கிரீன் பிரின்டிங்கில் அச்சானவை. அங்கும் வண்ணத்துக்கு ஒரு திரை. ஆகவே ஓவியர்கள் வானத்தை ஒரே நீலமாகவும், மலையை இரண்டே அடுக்காகவும் சுருக்கினார்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளின் வெண்மையை அப்படியே விட்டார்கள். நானும் ஐந்து வண்ணத்துக்கு மேல் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ரயில் நிலையப் படத்தில் விளக்கின் ஒளி வண்ணமே அன்று, வெறும் தாள்தான்.

பிரெஞ்சு போஸ்டர் ஓவியர் கஸாந்த்ர் 1927இல் வரைந்த ‘எத்துவால் து நோர்’ (வடக்கு நட்சத்திரம்) போஸ்டரை ஒருமுறை தேடிப் பார். விரைவு ரயிலுக்கான விளம்பரம். ஆனால் அதில் ரயிலே இல்லை. தண்டவாளங்கள் தொடுவானத்தை நோக்கி ஓடுகின்றன, அங்கே ஒரு நட்சத்திரம் இருக்கிறது, அவ்வளவுதான். நம் படத்திலிருந்து வண்டியை எடுத்துவிடும் துணிவு எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் வந்தது. நாம் நினைவில் வைத்திருப்பது வராத வண்டியைத்தானே!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழமை வேண்டும் என்பதற்காக மடிப்புக் கோடு, காப்பிக் கறை, பழுத்த மஞ்சள் ஆகியவற்றைப் படத்தின்மேல் பூசுகிறார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்தப் போஸ்டர்கள் ஒட்டப்பட்ட நாளில் பளிச்சென்று புதியனவாக இருந்தன. கறை காலம் போட்டது. அதைப் போட நாம் யார்?

போஸ்டரும் அஞ்சலட்டையும் ஒரே படத்தின் பெரிய அளவும் சிறிய அளவும் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். போஸ்டர் இன்னும் போகாதவரை அழைப்பது. அஞ்சலட்டை போனவர் எழுதுவது. முன்னதில் இடம் மட்டும் இருந்தால் போதும், பார்ப்பவர் அதில் தம்மை நிறுத்திக்கொள்வார். பின்னதில் போனவரின் அடையாளம் எங்காவது இருக்க வேண்டும். அதனால்தான் ரயில் நிலையப் போஸ்டரில் நடைமேடையைக் காலியாக விட்டேன், அதே காட்சியின் அட்டையில் குடையையும் நம் இருவரையும் வைத்தேன். அஞ்சலட்டையின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளியான முதல் அரசு அஞ்சலட்டையில் படமே கிடையாது. ஒருபுறம் முகவரி, மறுபுறம் செய்தி. பிற்பாடு படம் வந்து செய்திக்குரிய பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. முகவரிப் பக்கத்தைப் பாதியாகப் பிரித்து அதில் செய்தியும் எழுத பிரிட்டன் 1902இலும் அமெரிக்கா 1907இலும் அனுமதிக்கும்வரை, படத்துக்கு அடியிலோ பக்கத்திலோ விட்ட வெள்ளைப் பட்டையில்தான் மக்கள் நுணுக்கி நுணுக்கி எழுதினார்கள். அந்தப் பட்டை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. என் அட்டைகளிலும் படத்தின் கீழே ஒரு விரல் அகலம் வெற்றிடம் விட்டு, அதில் கையால் எழுதுகிறேன். எழுத்து அச்சாகிவிட்டால் அது எல்லோருக்குமான அட்டையாகிவிடுகிறது.

இப்போது உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1880களில் சூரிச்சில் உருவான ‘ஃபோட்டோகுரோம்’ முறையில், கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பல கற்களுக்கு மாற்றி, கல்லுக்கு ஒரு வண்ணமாக ஏற்றி அச்சிட்டார்கள். அமெரிக்காவில் 1930களில் பரவிய, துணி நெசவு போன்ற மேற்பரப்பு கொண்ட ‘லினன்’ அட்டைகளுக்கும் மூலம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படமே; வண்ணத்தை அச்சகத்தில் சேர்த்தார்கள், வேண்டாத கம்பங்களையும் கம்பிகளையும் அழித்தார்கள். ஆகவே என் சிவப்புப் பட்டைகளுக்குக் கண்ணியமான முன்னோர்கள் இருக்கிறார்கள். விளையாட்டு போகட்டும், எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். வண்ணத்தையும் பொழுதையும் மாற்றுவேன், எதையும் நீக்குவேன். ஆனால் இல்லாத ஆளைச் சேர்க்கமாட்டேன். அந்தக் கோபுரம் எனக்குச் சிவப்புப் பட்டையோடுதான் நினைவிருக்கிறது. அந்த நினைவும் என்னுடைய பயணத்தில் கிடைத்ததுதான்.

எழுத்து வடிவங்கள்தாம் என்னைப் படாதபாடு படுத்தின. பழைய போஸ்டர்களில் ரோமன் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் அணிவகுத்து, அடியில் சுவர் எழுப்பியது போல நிற்கும். தமிழில் ‘கி’ மேலே வளையும், ‘கு’ கீழே இறங்கும், புள்ளி தனியே மிதக்கும். எழுத்துருவை அப்படியே இட்டால் வரி அலைபாய்கிறது. கடைசியில் ‘கி’யின் தலைமேல் வளையும் மேல்விலங்கு போன்றவற்றைத் தட்டையாக்கி, புள்ளிகளைப் படத்தின் விளக்கோடு ஒத்த வட்டங்களாக்கி, எழுத்துகளை நானே வரைந்தேன். ஊர்ப்பெயரின் தடித்த எழுத்துகளுக்குள் காட்சிகளை அடைக்கும் பாணியையும் முயன்றேன். ‘ப’, ‘ட’ போன்றவை தாராளமாக இடம் கொடுக்கின்றன, ‘ண’, ‘ஞ’ போன்றவற்றில் சுழிகளே இடத்தைத் தின்றுவிடுகின்றன.

அச்சிடுவதில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன், நீ முயன்றால் உதவும். ஆறுக்கு நான்கு அங்குல அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1800க்கு 1200 பிக்சல் என்று துல்லியமாகச் செய்தேன். ஆனால் வெட்டுக்கென்று நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட மறந்து, எழுத்தையும் விளிம்போடு ஒட்டி வைத்துவிட்டேன். முதல் கட்டில் பாதி அட்டைகளில் கடைசி எழுத்தின் கால் வெட்டுப்பட்டது. திரையில் மின்னிய நீலமும் நான்கு மை அச்சில் மங்கி, ஊதாவை நோக்கிச் சாய்ந்தது. இப்போதெல்லாம் ஒரே ஒரு அட்டையை முன்மாதிரியாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைக் கொடுக்கிறேன்.

உன்னிடம் இருக்கும் படங்களைத் திறப்பதற்கு முன், அந்தப் பயணத்தின் ஐந்து இடங்களுக்கு இடத்துக்கு ஒரு வரியாக எழுதி அனுப்பு. என் வரிகளோடு மாறுபட்டால் இரண்டையும் வரைவேன். ரயில் நிலையப் போஸ்டர் முடிந்துவிட்டது, அடியில் பெயர் மட்டும் காலியாக இருக்கிறது. என்னிடம் உள்ள ஒரே புகைப்படத்தில் பெயர்ப்பலகையின் முதல் பாதியை உன் குடை மறைத்திருக்கிறது. கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. உனக்கு நினைவிருந்தால் மறுதபாலில் எழுது.

என்றும் உன்,
பழைய வழித்துணை