எங்கள் மகளின் இடது கண்ணுக்காக ஒரு நன்றி

அன்புடையீர்,

மகளுக்கு இரண்டரை வயதானபோது, படப் புத்தகம் பார்க்கும் நேரங்களில் அவளுடைய இடது கண் மூக்குப் பக்கம் ஓடத் தொடங்கியது. மாறுகண் அதிர்ஷ்டம் என்றது மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் தெரு. ஒரு மருத்துவரும் (பெயர் வேண்டாம்) ஐந்து வயதில் தானாகச் சரியாகிவிடும் என்றார். பிறந்த சில மாதங்களுக்குக் கண்கள் அலைவது இயல்பு. நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகினால் காட்டியே ஆகவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது.

முதல் நன்றி பாலர் பள்ளி ஆசிரியைக்கு. விளையாட்டில் இடது கண்ணைப் பொத்தியபோது சிரித்தவள், வலது கண்ணைப் பொத்தியதும் வீறிட்டுக் கையைத் தட்டிவிட்டாளாம். அன்று மாலை வாசலிலேயே என்னை நிறுத்தி, "அக்கா, இடது கண்ணில் பார்வை குறைவு போலிருக்கிறது, நாளைக்கே போங்கள்" என்றார்.

போனது மோக்காவிலுள்ள சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனைக்கு. சொட்டு மருந்து விட்டு அளந்து பார்த்துத் தூரப்பார்வை என்றார்கள். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க அவள் கண்ணை மிகவும் வருத்துவதால் கண் உள்ளே இழுபடுகிறது. இரட்டைக் காட்சி தெரியாமலிருக்க, மூளை அந்தக் கண் காட்டுவதைத் தள்ளிவிடுகிறது. அப்படியே விட்டால் பார்வை மங்கிப்போகும். ஏழெட்டு வயதுக்குமேல் மீட்பது கடினம். இவ்வளவையும் இங்கு பேசும் கிரியோல் மொழியில், என் மாமியாருக்கும் விளங்கும்படி, இருமுறை சொன்ன மருத்துவமனைச் சகோதரிக்கு நன்றி.

கண்ணாடி போட்ட சில வாரங்களில் கண் பெரும்பாலும் நேரானது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை, சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆனால் மங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினமும் 2 மணி நேரம் ஒட்டுப் போட்டு மூட வேண்டியிருந்தது. முதல் வாரம் வீடே போர்க்களம். பிய்த்து எறிவாள், கண்ணாடியின் மேலே ஒட்டினால் ஓரத்தால் எட்டிப் பார்ப்பாள். தோலோடு ஒட்டத்தான் வேண்டும்.

அங்கேதான் மாமியார் வந்தார். சமயபுரத்தில் வாங்கிய வெள்ளிக் கண்மலரை அம்மன் காலடியில் வைத்தவர், தன் வலது கண்ணிலும் ஓர் ஒட்டைப் போட்டுக்கொண்டு பேத்தியோடு பாசிமணி கோக்க உட்கார்ந்துவிட்டார். அத்தை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? "ஒன்றரைக்கண்" என்று கேலி செய்த பையன்களை அதட்டி அனுப்பிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நன்றி.

ஆசிரியைக்கு ஒன்று: உங்கள் யானைப் படப் புத்தகம் எங்களிடம்தான் இருக்கிறது. நேற்று வலது கண்ணை மூடியபடியே யானையின் வால்முடிகளை எண்ணினாள். திங்களன்று கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அம்மா, ரோஸ் ஹில்