குண்டு விவகாரம்

அன்புள்ள சங்கரனுக்கு,

நலம். மைனிக்கு மூட்டுவலி குறைஞ்சிருக்கும்னு நெனைக்கேன். டீக்கடை அண்ணாச்சி இன்னும் ஒம்ம பழைய பாக்கியைச் சொல்லிட்டுத்தான் இருக்காரு. எழுதலேன்னு ஏசாதேயும். இங்க நடந்த கூத்தைக் கேட்டா நீரே மன்னிச்சிருவீரு.

நம்ம மருமகன் குமார் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கான். தாழையூத்துக்கு வடக்க அவுக அப்பா புஞ்சையில தடவிட்டு இருந்தவன், ஒரு நாள் காலையில இரும்பு உருண்டையோட வந்து நிக்கான். “மாமா, இது கட்டபொம்மனைப் பிடிக்க வந்த வெள்ளைக்காரன் பீரங்கிக் குண்டு. கயத்தாறு பக்கத்துலதான இருக்கு!” 1799 அக்டோபர் 16னு தூக்குல போட்ட தேதியெல்லாம் ஒப்பிக்கான். அதுக்குள்ள தெருவே கூடிட்டு. நம்ம பெருமாளைத்தான் தெரியுமே, மாலை வாங்க ஆள் அனுப்பிட்டான்.

காலம்பூரா லேத்துல நின்னவன் கை சும்மா இருக்குமாவே? வெர்னியரை வச்சுப் பாத்தேன். விட்டம் 90 மில்லி. ஆறு பவுண்டு பீரங்கிக் குண்டும் ஏறக்குறைய அந்த அளவுதான்னு சொன்னதும் பயலுக்குப் பல்லெல்லாம் வெளிய. அப்புறம் மளிகைக் கடைத் தராசுல வச்சோம். மூணு கிலோவுக்குக் கொஞ்சந்தான் குறைவு. அந்தக் காலத்துக் குண்டு வார்ப்பிரும்பு. இந்த அளவு உருண்டை வார்ப்பிரும்புல பெரும்பாலும் 2.75 கிலோ போலத்தான் வரும். இது எஃகு. பழைய வார்ப்புல அச்சு சேர்ந்த வரியோ ஊத்துவாயைத் தட்டின தழும்போ பெரும்பாலும் மிஞ்சி நிக்கும். இதுல அதெல்லாம் இல்ல. சுத்திலும் அங்கங்க தட்டையாத் தேஞ்சிருக்கு, ஒண்ணோட ஒண்ணு உருண்டு மோதின தேய்மானம். தாழையூத்துல 1949ல இருந்து சிமெண்டு அரைக்காங்க. அரவை மில்லுக்குள்ள போடுத குண்டு வே இது! தேஞ்சதைக் காயலான் கடைக்குக் கொண்டு போகையில லாரியில இருந்து உருண்டிருக்கும்.

சொன்னேன். அவ்வளவுதான், நான் வெள்ளைக்காரன் கையாள் ஆயிட்டேன். மாலைக் காசை என்கிட்ட கேக்கான் பெருமாள்.

சிரிச்சு முடிச்சாச்சா? இனிமேதான் விசயமே. புஞ்சையோட நின்னிருந்தா நானும் விட்டிருப்பேன். போன வாரம் மிசினைத் தூக்கிக்கிட்டு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போயிருக்கான். பரம்புக்கு, அதான் அந்தக் காலத்துல செத்தவங்களைத் தாழியில வச்சுப் புதைச்ச மேட்டுக்கு, வெளியதான் தோண்டினேன்னு சத்தியம் பண்ணுதான். கொண்டு வந்தது ஒரு சாண் நீள இரும்பு. அடியில தகட்டைச் சுருட்டிக் கம்பு செருகக் குழல் வச்சிருக்கு. ஈட்டி முனைதான், எனக்குச் சந்தேகமில்ல. பழைய வேல்கம்பா, தாழியோட போட்டதாங்கிறதை நான் சொல்ல முடியாது, தோண்டின குழிதான் சொல்லியிருக்கணும். பக்கத்துச் சிவகளையில தோண்டி எடுத்த இரும்பு கி.மு. 3345னு 2025 ஜனவரியில சொன்னாங்களே, அது இரும்போட கிடந்த கரியைச் சோதிச்சுச் சொன்ன கணக்கு. இவன் இரும்பை மட்டும் உருவிட்டு மண்ணை மூடிட்டு வந்திருக்கான். ஆதிச்சநல்லூர்ல தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ தோண்டினப்ப ஆயுதமெல்லாம் முனை கீழ பாத்துக் குத்தி நின்னதாம். குத்தினவன் துக்கத்தோட குத்தியிருப்பான். அதைப் படிச்சதுல இருந்து எனக்கு இந்த ஈட்டியைப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு.

போதாக்குறைக்கு, ஆசிட்ல முக்கி எடுத்தா பளபளன்னு வரும்னு எவனோ சொல்லியிருக்கான். நல்லவேளை, நான் பிடுங்கிட்டேன். முழுசாத் துருப்பிடிச்ச இரும்புல பழைய உருவம் அந்தத் துருவுக்குள்ளதான் இருக்கும். சுரண்டினா உருவமே போயிரும். மேல வேர்வை மாதிரி ஆரஞ்சுச் சொட்டு நிக்கு, உள்ள உப்பு ஏறிக்கிடக்கு. ஈரம் பட்டா ஏடு ஏடா உரிஞ்சிரும். டப்பாவுல ஈரம் உறிஞ்சுத சிலிக்கா பொட்டலம் போட்டு மூடி வச்சிருக்கேன்.

மண்ணுக்குள்ள இருந்து எடுத்தது பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும்னு 1878லயே சட்டம். இன்னைக்குப் பத்து ரூபாய்க்கு ஒழுங்கா ஒரு டீ கிடையாது, ஆனா சட்டம் அப்படியேதான் இருக்கு. மனு எழுதிட்டேன். எடுத்த இடம், தேதி, ஆழம் அவன் சொல்லணும், கையெழுத்தும் போடணும். போலீஸ் பிடிச்சிரும்னு நழுவுதான்.

மாமன் பேச்சு அவன் காதுல ஏறாது. நீரு ஒம்ம புல்லட்டை ஓட்டக் கொடுத்த நாள்ல இருந்து ஒம்ம மேல பயலுக்குப் பக்தி. ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணும், வீட்டுலதான் இருப்பான். திட்டாதேயும், பயந்து அந்தக் குழியையே மறந்துட்டேன்னு சொல்லிருவான். மொதல்ல தோண்டின எடம் எதுன்னு கேட்டு வாங்கிக்கிடும்.

இப்படிக்கு,
முத்தையா