பறக்கும் ரயில் சீசன்: வருடத்துக்கா, மூன்று மாதத்துக்கா?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்னையின் பறக்கும் ரயில் மெட்ரோ கைக்குப் போகிறதாமே, இப்போது ஒரு வருட சீசன் டிக்கெட் எடுத்தால் பணம் வீணாகுமா? எங்கள் கடைக்கு ஜெராக்ஸுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆளாளுக்குச் சொல்வதைவிட எழுதியே கொடுத்துவிடுகிறோம்.

மூன்று மாத சீசன் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ரயில்வே வாங்குவது 2.7 மாதக் கட்டணம், ஆறு மாதத்துக்கு 5.4, வருடத்துக்கு 10.8. எதை எடுத்தாலும் மிச்சம் பத்து சதவீதம்தான். மாத சீசன் 200 ரூபாய் என்று வையுங்கள்: மூன்று மாதத்துக்கு 540, வருடத்துக்கு 2,160. நாலு 540-உம் அதே 2,160. வருடத்துக்கு எடுப்பதில் கூடுதல் லாபம் வரிசையில் நிற்கும் வேலை குறைவதுதான். அதற்காக இந்த நேரத்தில் மொத்தப் பணத்தையும் போட்டு வைக்க வேண்டியதில்லை. முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம், எனவே கடைசி நாள் அவசரமும் இல்லை.

இனி, ஏன் இந்தக் குழப்பம் என்பது. பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்க 2025-இல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில்தான் சம்மதம் தந்தது. அதற்கும் வண்டி கைமாறுவதற்கும் நடுவே நிறைய இருக்கிறது. 1995-இல் பீச்–சேப்பாக்கம், 2007-இல் வேளச்சேரி எனத் துண்டு துண்டாக வந்த தடம் இது. திருமயிலைக்கு அப்பால் செலவில் பெரும்பங்கு மாநில அரசு போட்டது. வண்டியை ஓட்டுவது ரயில்வே. எது யாருக்கு, ஊழியர் யார் பக்கம் என்று பிரிப்பது பாகப் பிரிவினை போலத்தான். பீச்சிலிருந்து பூங்கா நகர் வரை மற்ற ரயில் தடங்களை ஒட்டித் தரையிலேயே ஓடுவதால் அங்கே கோடு கிழிப்பது இன்னும் சிரமம்.

“அடுத்த மாதம் மெட்ரோ வண்டி வருகிறது” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். மெட்ரோ தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், இங்கே 1,676. அந்த வண்டி இதில் ஏறவே ஏறாது. அகலப் பாதைக்கென்று தனியாக ஏசி வண்டி வாங்கியாக வேண்டும். ஸ்டேஷன் வாசலில் மெட்ரோ போலத் தானியங்கிக் கதவுகள் நடும் வேலை தொடங்கினால், அப்போது விசாரியுங்கள்.

தாம்பரம், பல்லாவரம் பக்கமிருந்து பூங்கா ஸ்டேஷனில் இறங்கி, பூங்கா நகர் ஸ்டேஷனில் மாறி வருகிறவர்கள்தான் உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள். இன்று ஒரே சீசன் இரண்டு தடத்துக்கும் செல்லும். நிர்வாகம் இரண்டானால் டிக்கெட்டும் இரண்டாகலாம் என்பது எங்கள் கணிப்பு. இங்கே குறைந்த கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10. நீங்கள் மூன்று மாதத்தைத் தாண்டவே வேண்டாம்.

செல்போனில் எடுக்கிறவர்களுக்கு: ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பில் திறந்து காட்ட வேண்டும். சார்ஜ் இறங்கிவிட்டால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். பேப்பர் இல்லாத டிக்கெட்டைப் பிளாட்பாரத்தில் நின்று எடுக்க முயன்றால் வராது. படி ஏறுமுன் எடுங்கள், அல்லது ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்.

புகைப்பட அடையாள அட்டையை லேமினேட் செய்து தருவோம். இயந்திரத்தில் வரும் டிக்கெட்டை மட்டும் லேமினேஷனுக்குக் கொடுக்காதீர்கள். அது சூடு பட்டால் கறுக்கும் தாள். மெஷினில் விட்டால் எழுத்தோடு மொத்தமும் கறுப்பாகத்தான் வெளியே வரும். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தருகிறோம்.